கைக்கு எட்டாத சாட்சி

(கணினித் துறை மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வெப் சர்வருக்குள் வெளியாள் புகுந்துவிட்டார் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் எழும் முதல் குரல், "தளம் மறுபடி எப்போது ஓடும்?" என்பதுதான். சர்வரைத் துடைத்து, மென்பொருளைப் புதிதாக நிறுவி, பாஸ்வேர்டுகளை மாற்றி, பொழுது சாய்வதற்குள் தளத்தை ஓடவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆனால் துடைத்த கையோடு மூன்று கேள்விகளுக்கான விடைகளும் துடைக்கப்பட்டுவிடுகின்றன. எந்த வழியாக வந்தார்? உள்ளே என்னென்ன செய்தார்? அதனால் யார் யாருக்குத் தீங்கு?

முதல் கேள்விக்கு விடை வேண்டியவர் பொறியாளர். இரண்டாவதற்கு விடை வேண்டியது நிர்வாகம். மூன்றாவதற்கு விடை வேண்டியவர்கள், அந்த நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத மனிதர்களாக இருக்கலாம். அந்த மனிதர்களுக்குப் பதில் சொல்லும் கடமைக்குப் பெயர்தான் ஊடுருவல் புலனாய்வு என்று நான் கருதுகிறேன். இந்தக் கருத்துக்கு ஆதாரமாக, 2011ஆம் ஆண்டு நெதர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்வை உங்கள் முன் வைக்கிறேன். அதன் விசாரணை அறிக்கைகள் பொதுவெளியில் வந்தவை. கணினிப் பாதுகாப்பைப் படிக்கும் எவரும் ஒருமுறையாவது ஆழ்ந்து பார்க்க வேண்டியவை.

முத்திரை குத்தும் நிறுவனம்

பெவர்வைக் என்ற சிறிய நகரம். அங்கே டிஜிநோட்டார் என்ற நிறுவனம். 1998இல் நெதர்லாந்தின் நோட்டரிகளின் முயற்சியில் தொடங்கியது. 2011 ஜனவரியில் வாஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. அதன் தொழில், இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்குவது.

இந்தச் சான்றிதழ் என்ன செய்கிறது? நீங்கள் ஜிமெயிலைத் திறக்கிறீர்கள். எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே கூகுளின் சர்வர்தானா, இடையில் புகுந்த வேறொருவரா என்று உங்கள் பிரவுசருக்குத் தெரிய வேண்டும். எதிர்முனை ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் நம்பகமான ஒரு நிறுவனத்தின் கையொப்பம் இருந்தால் பிரவுசர் உங்களை உள்ளே விடுகிறது. நம் ஊரில் கிரயப் பத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலக முத்திரை இருந்தால் அதை ஏற்றுக்கொள்கிறோமே, அதைப் போல. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பதிவு அலுவலகத்துக்கு எல்லை இருக்கிறது. சான்றிதழ் நிறுவனத்துக்கு அன்று எல்லை இருக்கவில்லை. பிரவுசர் நம்பிய பட்டியலில் இருந்த எந்த நிறுவனத்தாலும் உலகின் எந்தத் தளத்துக்கும் முத்திரை குத்த முடிந்தது, அது செல்லுபடியானது. கூகுள் டிஜிநோட்டாரிடம் ஒருபோதும் சான்றிதழ் கேட்டதில்லை. இருந்தும் டிஜிநோட்டாரின் முத்திரை கூகுளின் பெயரில் விழுந்தால் உலகத்துப் பிரவுசர்களில் பெரும்பாலானவை அதை நம்பின.

ஆகவே டிஜிநோட்டாரின் சர்வர் பாதுகாப்பு, டிஜிநோட்டாரின் சொந்த விஷயமாக இருக்கவில்லை. இணையத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் விஷயமாக இருந்தது. அவர்களில் மிகப் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே தெரியாது.

வழி

2011 ஜூன் 17. டிஜிநோட்டாரின் பொது வெப் சர்வர்களை ஒருவர் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்த சர்வர்களில் டாட்நெட்நியூக் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவந்திருந்தும் நிறுவப்படாமல் கிடந்தன. உலகெங்கும் தாக்கப்படும் பல வெப் சர்வர்களின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. எவருக்கும் தெரியாத புதுத் துளையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை ஊடுருவுபவருக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த பழைய துளை அடைக்கப்படாமல் இருந்தாலே போதும்.

உள்ளே வந்தவர் அந்த வெப் சர்வரில் 'செட்டிங்ஸ்' என்று பெயரிட்ட ஒரு கோப்பை வைத்தார். பார்ப்பதற்கு வழக்கமான வலைப்பக்கக் கோப்பு. உண்மையில் அது கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் உதவும் பின்வாசல். இப்படிப்பட்ட கோப்பைத்தான் துறையில் வெப்ஷெல் என்கிறோம். அந்த வெப் சர்வர் அவருக்கு இலக்கு அல்ல. அடுத்த படிக்கு ஏறும் படிக்கல். உள்வலையிலிருந்து எடுத்ததை அங்கே கொண்டுவந்து வைப்பார், வெளியிலிருந்து வந்து எடுத்துக்கொள்வார். தன் கருவிகளை வெளியிலிருந்து அங்கே வைப்பார், உள்ளிருந்து இழுத்துக்கொள்வார்.

ஜூன் மாத இறுதிக்குள் அலுவலகக் கணினிகள் இருந்த வலைக்குள் போனார். ஜூலை 1 அன்று, சான்றிதழ் சர்வர்கள் இருந்த பாதுகாப்பு வலையை எட்டினார். ஜூலை 2 அன்று போலிச் சான்றிதழ் உருவாக்கும் முதல் முயற்சி. ஜூலை 10 அன்று வெற்றி. கூகுளின் எல்லாத் துணைத் தளங்களுக்கும் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் அவர் கையில் வந்தது.

அந்தச் சான்றிதழ் சர்வர்கள் இருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்காந்த அலைகள்கூட வெளியே கசியாதபடி கட்டப்பட்ட அறை அது. பல கதவுகளைக் கடந்துதான் உள்ளே போக முடியும். உடலால் அங்கே நுழைவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் அந்த சர்வர்களை நிர்வாக வலையிலிருந்து கேபிள் வழியாகத் தொட முடிந்தது. எல்லாச் சான்றிதழ் சர்வர்களும் ஒரே விண்டோஸ் டொமைனின் உறுப்பினர்கள். ஆகவே ஒரு பயனர் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் கிடைத்தால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். அந்தப் பாஸ்வேர்டும் எளிதில் உடைக்கக் கூடியதாக இருந்தது. ஆராயப்பட்ட சர்வர்களில் ஆன்டிவைரஸ் இல்லை. கையொப்பமிடும் ரகசியச் சாவிகள் தனி வன்பொருள் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தன. பெட்டியிலிருந்து சாவியை யாரும் திருட முடியாது, உண்மை. ஆனால் அந்தப் பெட்டி இயங்கு நிலையில் இருந்தது. சர்வரைக் கையில் வைத்திருப்பவர், சாவியைத் திருடாமலேயே, "இதில் கையொப்பமிடு" என்று கட்டளையிட முடிந்தது.

ஃபயர்வால் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. வலை பல பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. வழக்கமான இணையப் போக்குவரத்துக்காகத் திறந்துவைத்த 443ஆம் போர்ட் வழியாகவே அவர் தன் தொலைக் கட்டுப்பாட்டு இணைப்பைச் சுருட்டி அனுப்பினார். அனுமதிக்கப்பட்ட வாசலில் அனுமதிக்கப்படாத சரக்கு போய்வந்தது.

பாதி விசாரணை

ஜூலை 19 அன்று டிஜிநோட்டாருக்குச் சந்தேகம் வந்தது. அன்றாடச் சரிபார்ப்பில், விண்ணப்பமே இல்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பது தெரிந்தது. இது பாராட்டத்தக்க நடைமுறை. வழங்கியதையும் கேட்டதையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய வேலைதான், அதுவே ஊடுருவலைக் காட்டிக்கொடுத்தது. நிறுவனம் கண்ணில் பட்ட போலிச் சான்றிதழ்களை ரத்து செய்தது. வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு நிறுவனத்தை அழைத்து ஆராயச் சொன்னது. ஜூலை 27 அன்று அறிக்கை வந்தது. விஷயம் முடிந்தது என்று டிஜிநோட்டார் நினைத்தது. நெதர்லாந்து அரசுக்குச் சொல்லவில்லை. பிரவுசர் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லவில்லை. பொதுமக்களுக்கும் சொல்லவில்லை.

ஆனால் கூகுள் பெயரிலான சான்றிதழ் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அறிக்கை கையில் வந்த அதே ஜூலை 27 அன்றுதான், அந்தப் போலிச் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டு முதல் வினவல் டிஜிநோட்டாரின் சர்வருக்கு வந்தது. மறுநாள் ஈரானிலிருந்து வினவல்கள் வரத் தொடங்கின. ஆகஸ்ட் 4 முதல் அவை வெள்ளமாகப் பெருகின. அந்த வெள்ளத்தை எவரும் பார்க்கவில்லை.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது டிஜிநோட்டாரும் அல்ல, அரசும் அல்ல. ஈரானில் ஜிமெயிலைத் திறக்க முயன்ற ஒரு பயனர். அவர் குரோம் பிரவுசர் பயன்படுத்தினார். கூகுளின் தளங்களுக்கு எந்தெந்த நிறுவனங்கள் சான்றளிக்கலாம் என்ற பட்டியலை அந்த ஆண்டுதான் குரோமுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். டிஜிநோட்டார் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே குரோம் எச்சரிக்கை காட்டியது. அந்த மனிதர் அதைத் தட்டிவிட்டுப் போகாமல், ஆகஸ்ட் இறுதியில் கூகுளுக்குத் தெரியப்படுத்தினார். ஆகஸ்ட் 29 அன்று ஜெர்மனியின் கணினி அவசரக் குழு வழியாக நெதர்லாந்து அரசின் குழுவுக்குச் செய்தி போனது. அன்றே அந்தச் சான்றிதழ் ரத்தானது. மறுநாள் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஃபாக்ஸ்-ஐடி என்ற நிறுவனம் விசாரணையைத் தொடங்கியது.

தடயம் பேசும் விதம்

இத்தகைய விசாரணையில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த அவையில் நாளை அந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இருக்கிறீர்கள்.

முதல் விதி, தடயத்தின் மேல் நடக்காதே. பாதிக்கப்பட்ட சர்வரை அணைத்தால் ரேம் நினைவகத்தில் இருப்பது போய்விடும். எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஆகவே விரைவில் அழியக் கூடியதை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கை ஒவ்வொரு பிட்டாக நகலெடுக்கிறார்கள். கோப்புகளை மட்டும் காப்பி செய்வது போதாது. அழிக்கப்பட்ட கோப்பின் எச்சம், கோப்புகள் இல்லாத வெற்றிடத்தில் கிடக்கும். நகலுக்கும் மூலத்துக்கும் ஹாஷ் மதிப்பு கணக்கிட்டுக் குறித்துவைக்கிறார்கள். ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதன்பின் மூலத்தைத் தொடுவதில்லை, நகலில்தான் வேலை.

இரண்டாவது, காலவரிசை. வெப் சர்வரின் லாக்கில் ஒவ்வொரு வரியும் ஒரு வருகையைச் சொல்கிறது. எந்த முகவரி, எந்த நொடி, எந்தப் பக்கம், என்ன பதில், எத்தனை பைட். லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே வெப்ஷெல்லை எப்படி இனங்காண்பது? நல்ல பக்கங்களுக்குப் பல இடங்களிலிருந்து பலர் வருவார்கள், வேறு பக்கங்களிலிருந்து இணைப்பைத் தொட்டு வருவார்கள். ஒரு கோப்புக்கு ஒன்றிரண்டு முகவரிகளிலிருந்து மட்டும் ஆள் வருகிறார், எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பு இல்லை, வரும்போதெல்லாம் எதையாவது அனுப்புகிறார் என்றால், அந்தக் கோப்பைத் திறந்துபார்க்க வேண்டும். அது எப்போது வட்டில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்த நொடிக்குச் சற்று முன்னால் லாக்கில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் முதல் வாசல் இருக்கும்.

மூன்றாவது, எந்தச் சாட்சியையும் தனியாக நம்பாதே. கோப்பின் தேதியை ஊடுருவியவர் மாற்றலாம். லாக்கின் வரிகளை அழிக்கலாம். ஆகவே வெப் சர்வர் சொல்வதை ஃபயர்வால் சொல்வதோடும், ஃபயர்வால் சொல்வதை டேட்டாபேஸ் சொல்வதோடும் ஒப்பிட வேண்டும். இதற்கு எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். ஒரு சர்வரின் கடிகாரம் சில நிமிடம் பிந்தியிருந்தால் காரணமும் விளைவும் இடம் மாறித் தெரியும்.

ஃபாக்ஸ்-ஐடி இப்படித்தான் நுழைவு வழியையும் நாட்களையும் கோத்தெடுத்தது. எட்டுச் சான்றிதழ் சர்வர்களிலும் ஊடுருவியவருக்கு நிர்வாகி உரிமை கிடைத்திருந்தது தெரிந்தது. குறைந்தது 531 போலிச் சான்றிதழ்கள் கணக்குக்கு வந்தன. கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, ஸ்கைப், ஃபேஸ்புக், ட்விட்டர், ஆள் அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் திட்டம், அமெரிக்க, பிரிட்டிஷ், இஸ்ரேலிய உளவு நிறுவனங்கள் என்று நீளும் பட்டியல் அது.

'குறைந்தது' என்று சொன்னதைக் கவனியுங்கள். இந்த விசாரணையின் மிகக் கசப்பான பகுதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. டிஜிநோட்டாரில் லாக்குகளைப் பத்திரமாக ஓரிடத்தில் திரட்டிவைக்கும் ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு சர்வரின் லாக்கும் பெரும்பாலும் அந்தந்த சர்வரிலேயே கிடந்தது. சர்வரைக் கைப்பற்றியவர் லாக்கையும் கைப்பற்றினார், அதில் கைவைத்ததற்கும் தடயம் இருந்தது. அதன் பொருள் என்ன? லாக்கில் ஒரு தவறான செயல் பதிவாகியிருந்தால் அது நடந்திருக்கலாம் என்று சொல்லலாம். பதிவாகவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சான்றிதழ் சர்வர்களின் டேட்டாபேஸில் சில வரிசை எண்கள் கிடைத்தன. அந்த எண்களுக்குரிய சான்றிதழ்கள் எங்கும் கிடைக்கவில்லை. எந்தத் தளத்தின் பெயரில், யார் கையில் அவை இருக்கின்றன என்று சொல்ல எவராலும் முடியவில்லை.

நெதர்லாந்து அரசின் சொந்தச் சான்றிதழ்கள் சிலவும் டிஜிநோட்டார் வழியாக வந்தவை. அவை தப்பின என்ற நம்பிக்கையில் அரசு முதலில் பிரவுசர் தயாரிப்பாளர்களிடம் விதிவிலக்குக் கேட்டது. ஆனால் அந்த சர்வர்களும் தொடப்பட்டிருக்கின்றன, அவற்றிலிருந்து போலி வெளியாகவில்லை என்று உறுதி சொல்ல இயலாது என்று விசாரணை காட்டியதும், செப்டம்பர் 3ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டிய வேளையில் உள்துறை அமைச்சர் பீட் ஹைன் டொன்னர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, டிஜிநோட்டாரின் மேல் அரசுக்கு இருந்த நம்பிக்கை முடிந்தது என்று அறிவித்தார். நிறுவனத்தின் செயல்பாட்டை அரசு தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. அரசுத் தளங்கள் வேறு நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கு மாற வேண்டியதாயிற்று. செப்டம்பர் 20 அன்று டிஜிநோட்டார் திவால் என்று அறிவிக்கப்பட்டது. தாக்கப்பட்டதால் மட்டும் அந்த நிறுவனம் விழவில்லை. தாக்குதல் எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாததாலும், தெரிந்ததைச் சொல்லாமல் மறைத்ததாலும் விழுந்தது.

எட்டாத இடத்தில் இருந்த பதிவு

அழிக்கப்பட்ட லாக்குகளுக்கு நடுவே ஒரு லாக் மட்டும் உண்மையைச் சொன்னது. அந்தக் காலத்தில் ஒரு சான்றிதழைப் பெற்றதும் பல பிரவுசர்கள், "இது இன்னும் செல்லுமா?" என்று அதை வழங்கிய நிறுவனத்தையே கேட்கும். அந்த வினவலுக்குப் பதில் சொல்லும் சேவையை ஓசிஎஸ்பி என்பார்கள். ஈரானில் இடைமறிக்கப்பட்டவர்களின் பிரவுசர்கள், அவர்களுக்கே தெரியாமல், நெதர்லாந்துக்குக் கேள்வி அனுப்பின. அந்தக் கேள்விகளின் லாக்கை ஃபாக்ஸ்-ஐடி எடுத்துப் பார்த்தது. சுமார் 3 லட்சம் தனித்தனி இணைய முகவரிகள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈரானிலிருந்து. மற்ற நாடுகளைச் சேர்ந்த முகவரிகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தபோது அவையும் பெரும்பாலும் டோர், விபிஎன், பிராக்சி சர்வர்கள். தங்கள் நாட்டின் கண்காணிப்பிலிருந்து தப்ப முயன்றவர்கள் பயன்படுத்தும் வழிகள் அவை.

அப்போதுதான் இந்த ஊடுருவலின் முழு உருவம் தெரிந்தது. நெதர்லாந்தின் ஒரு பழைய வெப் சர்வரில் தொடங்கிய பாதை, ஈரானில் லட்சக்கணக்கான மனிதர்களின் கடிதங்களுக்குள் போய் முடிந்திருந்தது. 2009 தேர்தலுக்குப் பின் எழுந்த போராட்டங்களின் நினைவு ஆறாத நாடு அது. ஒருவர் யாருக்கு எழுதினார் என்பது அவருடைய சுதந்திரத்தையே தீர்மானிக்கக் கூடிய இடம்.

அந்த லாக் இருந்ததால் ஒரு பயன் விளைந்தது. இடைமறித்தவர் கையில் பாஸ்வேர்டு மட்டுமல்ல, உள்நுழைவுக் குக்கீயும் இருக்கலாம், பாஸ்வேர்டு தெரியாமலேயே அதைக் கொண்டு கணக்கைத் திறக்கலாம் என்று ஃபாக்ஸ்-ஐடியின் அறிக்கை எச்சரித்தது. ஈரானில் உள்ளவர்கள் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும், பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சொல்ல முடிந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்ததால் சொல்ல முடிந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஓசிஎஸ்பி சேவை அதுவரை, ரத்துப் பட்டியலில் இல்லாத எந்த எண்ணுக்கும் "செல்லும்" என்றே பதில் சொல்லிவந்தது. தான் வழங்கியதாகத் தனக்கே தெரியாத எண்ணுக்கும் அதே பதில். செப்டம்பர் 1 அன்று இதை மாற்றினார்கள். நாம் வழங்கியதென்று நமக்குத் தெரிந்த எண்ணுக்கு மட்டும் "செல்லும்", மற்ற எல்லாவற்றுக்கும் "ரத்து". அடையாளம் தெரியாத போலிகளை அடையாளம் தெரியாமலேயே முடக்கும் வழி இது. என்ன போயிற்று என்று எண்ண முடியாத இடத்தில், எது நல்லதென்று எண்ணத் தொடங்கினார்கள்.

யார் செய்தது? அதே ஆண்டு மார்ச்சில் கொமோடோ என்ற மற்றொரு சான்றிதழ் நிறுவனத்தைத் தாக்கியதாக உரிமை கொண்டாடிய ஒருவர், இதையும் தானே செய்ததாகச் சொன்னார். விண்டோஸின் கால்குலேட்டர் நிரலில் அந்தப் போலி கூகுள் சான்றிதழின் சாவியால் கையொப்பமிட்டு வெளியிட்டார். சாவி தன் கையில் இருப்பதற்கு அது ஆதாரம். பலருக்கு இந்தக் கேள்விதான் சுவையானது. ஒருவரைச் சுட்டிக்காட்டினால் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஈரானில் ஒருவருக்குத் தேவைப்பட்டது ஊடுருவியவரின் பெயர் அல்ல. தன் கடிதங்கள் திறக்கப்பட்டனவா, எப்போதிலிருந்து, இனி என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

உலகம் கற்றது

டிஜிநோட்டாருக்குப் பிறகு கூகுளின் பொறியாளர்கள் ஒரு புதிய ஏற்பாட்டை முன்வைத்தார்கள். சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்று அதைச் சொல்லலாம். அதன் முதல் வரையறை 2013 ஜூனில் வெளிவந்தது. எந்தச் சான்றிதழ் நிறுவனம் எந்தச் சான்றிதழை வழங்கினாலும் அதைப் பொது லாக் ஒன்றில் பதிய வேண்டும். அந்த லாக்கில் சேர்க்கலாம், அழிக்க முடியாது. ஒவ்வொரு பதிவும் அதற்கு முந்தையவற்றோடு ஹாஷ் மதிப்புகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பழைய வரி ஒன்றை யாராவது மாற்றினால் கணக்கு உடைந்து காட்டிக்கொடுக்கும். லாக்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் தளத்தின் பெயரில் எங்காவது ஒரு சான்றிதழ் வெளியானால், அதை வழங்கிய நிறுவனம் ஊடுருவப்பட்டிருந்தாலும், நீங்கள் பார்க்க முடியும். 2018 முதல் குரோம் புதிய சான்றிதழ்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. பெவர்வைக்கின் சர்வர்களில் இல்லாத சாட்சியை உலகம் பொது இடத்தில் நிறுத்திவைத்தது.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் வேறொரு வழியில் வந்தது. 2014 ஜூலை 2 அன்று, தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுளின் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே இந்தியாவின் சான்றளிப்பு ஆணையர் அந்த அமைப்பின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் நடைமுறை ஊடுருவப்பட்டது, வெளியானவை நான்கு என்று பதில் வந்தது. அந்த நான்கில் அடங்காத சான்றிதழ்களையும் தான் பார்த்திருப்பதாகக் கூகுள் சொன்னது. ஆகவே மொத்தம் எவ்வளவு என்பது தெரியாது என்று முடிவுசெய்து, இந்திய ஆணையத்தின் சான்றிதழ்கள் அரசு, கல்வி உள்ளிட்ட சில குறிப்பிட்ட டொமைன்களுக்கு மட்டுமே செல்லும் என்று குரோமில் எல்லை வகுத்தது. நெதர்லாந்தில் பெரும் சேதத்துக்குக் காரணமான அதே கேள்விதான் இங்கேயும் நின்றது. எத்தனை என்று சொல்ல முடியுமா?

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரக் குழுவான செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களைத் தேசிய நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும். கெடுபிடி அதிகம் என்று பலர் குறைப்பட்டார்கள். 6 மணி நேரம் போதுமா என்பது நியாயமான விவாதம். ஆனால் லாக்கும் கடிகாரமும் பற்றிய விதிகள் அலுவலகத்துக்காக எழுதப்பட்ட சடங்குகள் அல்ல என்பதை டிஜிநோட்டாரின் வரலாறு காட்டுகிறது. அவை இல்லாத இடத்தில் உண்மையைத் திரும்பக் கட்டியெழுப்ப முடிவதில்லை.

நம் பங்கு

உங்களில் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் இருக்கலாம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தளம், ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம், ஒரு கல்லூரியின் மாணவர் பட்டியல். நம்மை யார் தாக்கப்போகிறார்கள் என்று தோன்றும். டிஜிநோட்டாரின் வெப் சர்வரும் தனக்காகத் தாக்கப்படவில்லை. அதன் பின்னால் இருந்தவற்றுக்காகத் தாக்கப்பட்டது. உங்கள் சர்வரின் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது சிலவே. லாக்கை அது உருவாகும் சர்வரிலேயே விட்டுவைக்காதீர்கள். உருவான நொடியிலேயே வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். முதல் சர்வரின் நிர்வாகியால் அந்த இரண்டாவது கணினியில் எழுத முடியும், அழிக்க முடியாது என்ற நிலையை உண்டாக்குங்கள். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தால் நாள் கடத்தாமல் நிறுவுங்கள். வழங்கியதையும் கேட்டதையும் நாள்தோறும் ஒப்பிடும் பழக்கத்தை உங்கள் வேலைக்கு ஏற்ப உருவாக்கிக்கொள்ளுங்கள். ஊடுருவல் நடந்தால், துடைப்பதற்கு முன்னால் நகலெடுங்கள். தரவை வெளியே எடுத்துக்கொண்டு போவதற்கு எந்த வாசல் பயன்பட்டது என்று கண்டறியாமல் "சரியாகிவிட்டது" என்று எந்த மேலதிகாரியிடமும் சொல்லாதீர்கள். அவர் வற்புறுத்தினாலும் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்ததைத் தெரிந்த அளவில் வெளியே சொல்லும் துணிவு வேண்டும். டிஜிநோட்டார் ஜூலையிலேயே பிரவுசர் தயாரிப்பாளர்களிடம் சொல்லியிருந்தால், ஆகஸ்ட் 4 அன்று அந்தப் போலிச் சான்றிதழ் ஈரானில் பெருமளவில் பயன்படத் தொடங்குவதற்கு முன்பே உலகத்துப் பிரவுசர்கள் டிஜிநோட்டாரின் முத்திரையை நம்புவதை நிறுத்தியிருக்க முடியும். நிறுவனத்துக்கு அவமானம் நேர்ந்திருக்கும், இழப்பும் நேர்ந்திருக்கும். அந்த லட்சக்கணக்கானவர்களின் கடிதங்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம். உங்கள் கையில் ஒரு நாள் இப்படியொரு முடிவு வரும்போது, எந்த இழப்பு பெரிது என்பதில் உங்களுக்குத் தடுமாற்றம் வரக் கூடாது.